ஏசி இல்லாத பழைய ஆம்னியில் வெயிலைச் சமாளிக்கச் செய்த செலவு: எது தேறியது, எது தேறவில்லை

கரூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். மேஜை விரிப்பு, ஜன்னல் திரை, தலையணை உறை என்று பண்டல் கட்டி ஈரோட்டுக்கு எடுத்துப் போவதும், அங்கிருந்து சரக்கு ஏற்றி வருவதும் ஒரு 2009 மாடல் மாருதி ஆம்னி வேனில். ஏசி கிடையாது. கரூர் பரமத்தி என்ற பெயரை டிவியில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்கள் பட்டியலில் பார்த்திருப்பீர்கள், அந்த வெயிலில் மதியம் புகளூர், நொய்யல், கொடுமுடி வழியாக இந்த வண்டியை ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஆம்னி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள் சூட்டைக் குறைக்கலாம் என்று சில வருடங்களாக வாங்கிப் போட்ட சாமான்களையும் செய்த வேலைகளையும் பற்றிய விமர்சனம் இது. இதில் பெரிய பங்கு ஒரே ஒரு வேலைக்குத்தான்: பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் செய்த இன்சுலேஷன். மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை அதற்கு மேல் இடம் கொடுக்கத் தகுதியில்லாதவை.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். எல்லாக் கடைக்காரர்களும் தவிர்க்கிற பேச்சு இதுதான். ஆம்னியின் 796 சிசி என்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்பால்தான் இவ்வளவு சின்ன வண்டிக்குள் அவ்வளவு இடம் கிடைக்கிறது, அதனால் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் 80, 90 டிகிரியில் இருக்கும், புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரியில் இருக்கும், அதற்கும் நம் தொடைக்கும் நடுவில் ஒரு தகர மூடி, கொஞ்சம் ஸ்பாஞ்ச், ஒரு ரெக்சின் உறை, அவ்வளவுதான். மேலே கூரை மெல்லிய தகரம். அதன் கீழே உள்ள லைனிங் அழகுக்கு, வெயிலுக்கு இல்லை. சுற்றிலும் கண்ணாடி. முன் கண்ணாடி கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் மாலை நாலு மணி வெயில் நேராக மடியில் விழும்.

இதில் எதையும் ஒரு ஃபேனோ, பர்ஃப்யூமோ, கூலிங் ஜெல் சீட்டோ தொடுவதே இல்லை. உள்ளே வந்த சூட்டை விரட்டுவதற்காக விற்கும் சாமான்தான் கடைகளில் அதிகம். உள்ளே வராமல் தடுக்கிற வேலையைச் செய்துகொடுக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. சின்ன என்ஜின், ஏசி இல்லை என்றால் காசு அந்த இரண்டாவது வேலைக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பது என் கட்சி.

சரி, பட்டறைக்கு வருகிறேன். கரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஜவுளியும் கொசுவலையும் ஞாபகம் வரும், அதே அளவுக்கு இந்த ஊருக்குப் பஸ் பாடி கட்டும் தொழிலும் உண்டு. தமிழ்நாட்டில் ஓடும் எத்தனையோ தனியார் பஸ்கள் சேசிஸாக வந்து இங்கேதான் உடம்பு பெறுகின்றன. நம்மூர் டவுன் பஸ்களில் பலவற்றில் டிரைவருக்குப் பக்கத்திலேயே என்ஜின் பானெட் இருக்கும், அதன் மேல் மெத்தை மாதிரி தடித்த உறை போட்டிருப்பார்கள், சில பேர் அதில் உட்கார்ந்துகூட வருவார்கள். ஆம்னியில் இருப்பதும் சின்ன அளவில் அதே பிரச்சினைதானே? கார் அக்சசரி கடைக்காரரைவிட இவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றித்தான் போனேன். பெரிய கம்பெனி இல்லை, தகர ஷெட், நாலைந்து பேர், ஒரு பக்கம் எலும்புக்கூடாக ஒரு பஸ் நிற்கும்.

மேஸ்திரி வண்டியைச் சுற்றிவரக்கூட இல்லை. இருக்கையைத் தூக்கி என்ஜின் மூடியின் ஓரத்தில் விரலை ஓட்டிக் காட்டினார். அங்கே இருக்க வேண்டிய ரப்பர் பீடிங் பாதி இடத்தில் இல்லை, மீதி இடத்தில் காய்ந்து பிஸ்கட்டாக நொறுங்கியது. "கூரை பொறகு பாத்துக்கலாமுங்க. இந்தச் சந்து வழியா அடிக்கிற அனல நிறுத்தாம மேல எத ஒட்டுனாலும் காசுக்குக் கேடுங்க" என்றார். கியர் லிவர் வரும் ஓட்டையைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது, ஹேண்ட் பிரேக் கேபிள் போகும் இடம் திறந்தே கிடந்தது. ஓடும்போது கீழிருந்து சூடான காற்று இந்தச் சந்துகள் வழியாகப் பீறிட்டு வருகிறது. ஜன்னல் திறந்திருந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே இழுபடும்போது அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்துதான் காற்று ஏறும் என்பதால், ஜன்னலைத் திறந்தால் காலடி இன்னும் சுடும். எனக்கு இது ரொம்ப நாள் புரியாத விஷயமாக இருந்தது, ஒரு பீடிங்கில் விடை கிடைத்தது.

என்ஜின் மூடியின் அடிப்பக்கத்துக்கு அவர் வைத்தது ஃபைபர் கிளாஸ் கம்பளி, என்ஜினைப் பார்க்கிற பக்கம் அலுமினிய ஃபாயில். நான் அக்சசரி கடையில் பார்த்து வைத்திருந்த ஃபாயில் ஒட்டிய ஃபோம் ஷீட்டை எடுத்துக் காட்டியபோது வாங்கி ஒரு ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இது கூரைக்கு ஆகும், கீழே ஆகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குக் காரணம் உண்டு. அந்த மாதிரி பாலித்தீன் ஃபோம் 80, 90 டிகிரிக்கு மேல் சுருங்கி உருக ஆரம்பிக்கும், எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நைட்ரைல் ரப்பர் ஷீட் என்றால் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டித் தாங்கும், அதுவும் மேனிஃபோல்டுக்கு மேலே போதாது. யூட்யூபில் பார்த்துவிட்டு ஃபோமை வாங்கி என்ஜின் மூடிக்கு அடியில் ஒட்டப் போகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். பசையை மட்டும் நம்பாமல் ஷீட்டைப் பெரிய வாஷர் வைத்து ரிவெட் அடித்தார், பசை விட்டு ஷீட் தொங்கி ஃபேன் பெல்ட்டில் மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தால் அந்த ரிவெட்டின் அருமை புரியும்.

கூரை வேலைதான் பார்க்கச் சுவாரசியமாக இருந்தது. லைனிங்கைக் கழற்றி, தகரத்தில் இருந்த பழைய பசை, தூசி எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்து, துரு இருந்த ஓரத்தில் ப்ரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு 10 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டைத் தகரத்தோடு ஒட்டினார்கள். ஃபாயில் பக்கம் கீழே, அதாவது நம் தலையைப் பார்த்து. எனக்கு உடனே சந்தேகம், பளபளப்பு வெயிலைப் பார்த்து மேலேதானே இருக்க வேண்டும்? இல்லை. ஃபாயில் சூட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் அதன் முன்னால் காற்று இடைவெளி இருக்க வேண்டும். சுடும் தகரத்தோடு நேராக ஒட்டிவிட்டால் அலுமினியம் வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்திக் கொடுத்துவிடும். கீழ்ப்பக்கம் இருந்து, லைனிங்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி விட்டால், பளபளப்பான பரப்பு சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு என்பதால் நம் தலையில் அனல் இறங்காது. மேஸ்திரி இதையெல்லாம் இயற்பியலாகச் சொல்லவில்லை. "மேல ஒட்டுனா மினுக்கு செத்துப் போகுமுங்க" என்றார், அவ்வளவுதான்.

பசை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஷீட்டின் பின்பக்கமே ஒட்டும் பசையோடு வருகிற வகை கடைகளில் கிடைக்கிறது, உரித்து ஒட்டினால் வேலை முடிந்தது. தை, மாசி வரைக்கும் அது நிற்கும். நம்மூர் சித்திரை வெயிலில் கூரைத் தகரம் 60 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பசை இளகி ஷீட் லைனிங்கின் மேல் வந்து படுத்துக்கொள்ளும், இடைவெளி போய்விடும். பட்டறையில் ஃபெவிகால் எஸ்ஆர் 998 தடவி, இரண்டு பக்கமும் கொஞ்சம் காயவிட்டு ஒட்டினார்கள். வேலை முடிந்த பிறகு அந்தப் பசை வாசனை போக நாளாயிற்று. ஜன்னலைத் திறந்து வைக்காமல் ஓட்டினால் தலைவலிதான், குழந்தைகளை ஏற்றுகிற வண்டி என்றால் வாசனை போகும்வரை பொறுத்திருங்கள்.

பலன்? அளந்து பார்க்க வேண்டும் என்று கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய் ஏமாற வேண்டாம், அது 42, 43 டிகிரிக்கு மேல் காட்டாது. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் இன்ஃப்ராரெட் கன் வேண்டும். அதிலும் பளபளப்பான ஃபாயில் மேல் நேராக அடித்தால் பொய் சொல்லும், மேலே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அடிக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே மாதிரி மதியத்தில் நிறுத்தி அளந்ததில் லைனிங்கின் சூடு ஐம்பத்தைந்துக்குப் பக்கத்திலிருந்து நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் இறங்கியது. என் சீட்டுக்குக் கீழே வித்தியாசம் இதைவிட அதிகம், முன்பெல்லாம் ஈரோடு போய் இறங்கும்போது பேன்ட்டின் பின்பக்கம் இஸ்திரி போட்ட மாதிரி சுடும், இப்போது வெதுவெதுப்புதான். இன்னொரு லாபம், சத்தம் குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறது. மழை பெய்தால் கூரையில் தகரச் சத்தம் இல்லை.

ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டி வெயிலில் நிறுத்திய வண்டிதான். மூன்று நாலு மணி நேரம் நின்றால் இன்சுலேஷன் செய்ததும் செய்யாததும் உள்ளே காற்றுச் சூட்டில் ரொம்ப தூரம் இல்லை, கண்ணாடி வழியாக வருவது வந்துகொண்டே இருக்கிறது. ஓடும்போதுதான் இந்த வேலையின் அருமை. இதைச் சொல்லாமல் "உள்ளே ஜில்லென்று இருக்கும்" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

குறைகள்: வெள்ளிக்கிழமை தருகிறேன் என்ற வண்டி அடுத்த புதன்கிழமை கிடைத்தது. லைனிங் கிளிப் இரண்டு உடைந்து, அதற்குப் பதில் ஸ்க்ரூ அடித்திருந்தார்கள், பஸ்ஸில் செய்வது போலவே. எனக்குக் கவலையில்லை, வண்டியை அழகாக வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும். பில் கிடையாது. செலவு சாமான், கூலி எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம், தரைக்குப் போட்ட ரப்பர் ஷீட்டும் அதில் அடக்கம். தரையை விட்டுவிட்டால் ஆறாயிரத்துக்குள் முடியும், விட்டுவிடலாம் என்றே சொல்வேன். ஒரு எச்சரிக்கை, கேஸில் ஓடும் ஆம்னி என்றால் கீழே சந்துகளை எல்லாம் அடைப்பதற்கு முன் கேஸ் கிட்டில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டேங்க் பக்கக் காற்றுவழியைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். மேஸ்திரியே என்னிடம் கேட்ட முதல் கேள்வி "பெட்ரோலுங்களா, கேஸுங்களா?" என்பதுதான்.

அடுத்து கண்ணாடி ஃபிலிம். இதில்தான் அதிகம் ஏமாற்று. இதற்கு முன்னால் ஒரு கடையில், பெயர் வேண்டாம், நானோ செராமிக் என்று சொல்லி ஒட்டிக் கொடுத்தது ஒரே கோடையில் ஊதா நிறமாகி ஓரத்தில் கொப்புளம் போட்டது. சாயம் போட்ட சாதா ஃபிலிம். ஒட்டுவதற்கு முன் ஒரு விளையாட்டுக் காட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள்: சூடான லாம்ப் ஒன்றை எரியவிட்டு, நடுவில் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைப் பிடித்து, "கையை வைத்துப் பாருங்க சார்" என்பார்கள். கை சுடாது. சாயம் போட்ட ஃபிலிம்கூட அந்தச் சோதனையில் கொஞ்ச நேரம் பாஸ் ஆகும், ஏனென்றால் அது சூட்டைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. ஐந்து நிமிடம் விட்டுக் கண்ணாடியையே தொட்டுப் பாருங்கள், அது சுடும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு வண்டிக்குள்தான் வரும்.

வெயிலில் வரும் சக்தியில் பாதி அளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. நல்ல ஃபிலிமின் வேலை வெளிச்சத்தை விட்டுவிட்டு அதை மட்டும் நிறுத்துவது. அதனால்தான் கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்பது தப்புக் கணக்கு. டப்பாவில் ஐஆர் (அகச்சிவப்பு) ரிஜெக்‌ஷன் 95 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது பல சமயம் ஒரு குறுகிய அலைநீளத்தில் மட்டும் அளந்தது. அதை விட்டுவிட்டு மொத்த சூரிய சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள், டிஎஸ்இஆர் என்று போட்டிருக்கும். சட்டப்படி ஒட்டக்கூடிய வெளிர் ஃபிலிமில் அந்த எண் நாற்பது ஐம்பது இருந்தாலே நல்ல சரக்கு. கடைக்காரருக்கு அந்த எழுத்துகள் தெரியவில்லை என்றால் இறங்கி வந்துவிடலாம்.

சட்டம் என்றதும், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ரோட்டில் நிறுத்தி பிளேடால் சுரண்டினார்கள். மோட்டார் வாகன விதி 100இல் 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வருகிற மாதிரி இருந்தால் ஃபிலிம் ஒட்டியதற்காக நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2024இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அது கேரளத் தீர்ப்பு. நம்மூரில் நிறுத்துகிற காவலரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, அதனால் ஃபிலிமோடு வந்த சான்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். இன்னொரு கணக்கு முக்கியம்: அந்த 70, 50 என்பது ஃபிலிமுக்கு மட்டும் இல்லை, கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து. பச்சைச் சாயல் கண்ணாடி தானே 75 சதவீதம்தான் விடும் என்றால், அதன் மேல் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மொத்தம் 52 சதவீதம் ஆகிவிடும், முன்னால் ஒட்டினால் மாட்டுவீர்கள். என் வண்டியில் இருப்பது நிறமில்லாத சாதாக் கண்ணாடி, அந்த வகையில் பழைய வண்டிக்கு ஒரு யோகம்.

நான் இரண்டாவதாக ஒட்டியது பக்கக் கண்ணாடிகளுக்கும் பின்னால் டிக்கிக் கண்ணாடிக்கும் மட்டும், முன்னால் ஒட்டவில்லை. வலது கைத் தோல் எரிவது நின்றது, அதுதான் உடனே தெரிந்த வித்தியாசம். உள்ளே காற்று குளிர்ந்துவிட்டதா என்றால் இல்லை, ஏசி இருக்கிற வண்டியில் இதன் பலன் இன்னும் நன்றாகத் தெரியும். காசுக்குத் தகுந்ததா? ஏசி இல்லாத வண்டிக்கு இன்சுலேஷனுக்கு அடுத்த இடம்.

முன் கண்ணாடிக்கு மடக்கும் சன் ஷேட் வைத்திருக்கிறேன், முன்னூறு ரூபாய்க்குள். இந்தப் பட்டியலில் ரூபாய்க்கு ரூபாய் இதுதான் முதலிடம். வெள்ளிப் பளபளப்பு வெளியே பார்க்க வேண்டும், கண்ணாடியோடு ஒட்டி நிற்க வேண்டும், சன் வைசர் இரண்டையும் இறக்கி அழுத்திப் பிடிக்க வைத்தால் போதும். கூடவே தரும் ரப்பர் உறிஞ்சிகள் முதல் வெயிலிலேயே கழன்று விழும், அவற்றை அப்படியே குப்பையில் போடலாம். கறுப்பு வலை மாதிரி பக்கக் கண்ணாடிக்கு ஒட்டும் ஷேட் வேண்டாம், அது வெயிலை உள்ளே வரவிட்டு, வாங்கிக்கொண்டு, பிறகு ரேடியேட்டர் மாதிரி உள்ளேயே விடுகிறது. நியாயமாகப் பார்த்தால் எந்த மறைப்பும் கண்ணாடிக்கு வெளியே இருப்பதுதான் நல்லது, அதனால் நாள் முழுக்க வெயிலில் நிறுத்த வேண்டி வந்தால் நம் வியாபாரத்தில் கழித்துப் போட்ட தடித்த வெள்ளைத் துணி ஒன்றை முன் கண்ணாடி மேல் விரித்து இரண்டு பக்கமும் கதவில் மாட்டிவிடுவேன். இதற்கு எந்தக் கடையிலும் விலைச்சீட்டு இல்லை.

மர நிழலுக்கு ஈடு ஒன்றும் இல்லை என்று தாத்தா சொன்னதையே அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக்காரர்கள் 2018இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள்: 38 டிகிரியைத் தாண்டிய கோடை நாள்களில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வண்டிகளின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, நிழலில் நின்றவற்றில் 48. ஸ்டீயரிங் வெயிலில் 53, நிழலில் 42. புங்க மரம் கிடைத்தால் இன்னும் நூறு அடி நடந்தாலும் பரவாயில்லை, அங்கே நிறுத்துங்கள். புளியமரத்தடியில் காக்கை எச்சத்துக்கு நான் பொறுப்பில்லை. வண்டி எடுக்கும்போது ஆம்னிக்கு உள்ள வரம் இரண்டு பக்கமும் சறுக்குக் கதவு, இரண்டையும் அகலத் திறந்து, பின் டிக்கியையும் தூக்கி ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு ஏறினால் அடுப்படிக் காற்று போய்விடும். இதற்குப் பதில் ஜன்னலில் மாட்டும் சோலார் ஃபேன் என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளங்கை அகல சோலார் தகடு, பொம்மை மோட்டார். வண்டிக்குள் இருக்கும் காற்றின் அளவுக்கு அது சுற்றுவது கணக்கிலேயே வராது. வாங்கி ஒரு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

12 வோல்ட் இரட்டைத் தலை ஃபேன் மீது எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. காலையிலும் மாலையிலும் நன்றாக இருக்கும். மதியம் உள்ளே காற்றே 40 டிகிரிக்கு மேல் போனபின் ஃபேன் உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, அந்த நேரத்தில் நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஃபேனை ஓடவிட்டால் ஓரளவு தேவலை. ஒயர் மட்டும் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள், லைட்டர் சாக்கெட்டில் செருகிய பின் கொஞ்ச நேரத்தில் பிளக் சுட்டால் கழற்றிவிடுங்கள். மினி ஏசி என்று யூஎஸ்பியில் ஓடும் தண்ணீர் டப்பா ஏசி இல்லை, சின்ன ஏர் கூலர். கரூரில் காற்று காய்ந்து கிடப்பதால் முகத்துக்கு ஓரடி தூரத்தில் ஏதோ தெரியும், சென்னை, கடலூர்க்காரர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஸ்பீட் பிரேக்கரில் தண்ணீர் கியர் மேல் கொட்டுவது இலவசம்.

சீட் பற்றி ஒரு வரி. ரெக்சினை அப்படியே விட்டு மேலே தடித்த சென்னிமலைப் போர்வையை மடித்துப் போடுங்கள், மர மணி கோத்த சீட் உறையும் சரிதான். வெல்வெட் உறையை மதுரை வெயிலில் விற்கிறவர்களின் தைரியத்தைப் பாராட்ட வேண்டும்.

ஏசியே மாட்டிவிடலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள். வெளியில் மாட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் நாலு பண்டல் ஏற்றினாலே மூச்சு வாங்குகிற என்ஜினில் கம்ப்ரஸர் பாரத்தையும் ஏற்றி, அதற்கு வண்டியின் இன்றைய விலையில் பெரும் பங்கைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஏற்கெனவே ஏசி உள்ள பழைய மாருதி 800, ஜென், எஸ்டீம் வைத்திருப்பவர்கள் கதை வேறு. ஏசி குளிரவில்லை, கேஸ் ஏற்று என்று ஓடுவதற்கு முன், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில், அது வண்டியின் முன்னால் இருக்கும், அடைத்திருக்கும் பூச்சியையும் மண்ணையும் மெதுவான தண்ணீரில் கழுவி, அதன் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஹீட்டருக்குப் போகும் சுடுநீர் வால்வு சரியாக மூடாமல் இருப்பதும் பழைய வண்டிகளில் சகஜம், ஒரு பக்கம் ஏசி குளிர்விக்க இன்னொரு பக்கம் ஹீட்டர் சூடாக்கிக்கொண்டிருக்கும். நம்மூர் மெக்கானிக்குகள் அந்த ஹோஸை பைபாஸ் செய்துவிடுவார்கள், ஊட்டியில் குடியிருப்பவராக இல்லாத பட்சத்தில் ஒரு நஷ்டமும் இல்லை. கேஸ் ஏற்றத்தான் வேண்டும் என்றால் முதலில் வேக்யூம் போடுகிறாரா, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறாரா என்று நின்று பாருங்கள், போடாமல் அப்படியே ஏற்றினால் உள்ளே தங்கிய ஈரமும் காற்றும் வேலையைக் கெடுக்கும். மிக மலிவாக ஏற்றித் தருகிறேன் என்பவர் சிலிண்டரில் எதை வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள், சமையல் கேஸ் வகையறாவை ஏற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அது தீப்பிடிக்கிற சாமான்.

பட்டறைக்குப் போவதென்றால் மாசி, பங்குனியிலேயே போய்விடுங்கள். மே மாதம் பள்ளி வாகனங்களுக்கு ஆர்டிஓ ஆய்வு வரும், ஊரில் உள்ள ஸ்கூல் பஸ் எல்லாம் சீட்டு தைக்கவும் பெயின்ட் அடிக்கவும் அங்கேதான் வரிசை கட்டி நிற்கும், அந்தச் சமயத்தில் ஒரு ஆம்னியைக் கொண்டுபோய் நிறுத்தினால் மேஸ்திரி நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.